பாட்டு நின்ற குளியலறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட இது மேல். எங்கள் குளியலறைக்கு இருந்த ஒரே ஜன்னலை, ஸ்டூல் போட்டு ஏறி, தெர்மாகோல் வெட்டிப் பொருத்தி, சுற்றிலும் பழுப்பு டேப் ஒட்டி, எறும்பு போகக்கூட இடம் விடாமல் அடைத்தவன் நான்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை. நானாகச் செய்தேன். அத்தனை நேர்த்தியாக நான் வாழ்க்கையில் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

காரணம் என் பாட்டு. எனக்குக் குளிக்கும்போது மட்டும்தான் பாட்டு வரும். மயிலாப்பூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககம் பழையது. எங்கள் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் நடுவே, குழாய்கள் இறங்குவதற்காகத் தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரு குறுகலான சந்து விட்டுக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் குளியலறை ஜன்னல் அதில் திறக்கும். எதிர் வீட்டு மாமியின் சமையலறை ஜன்னலும் அதில்தான் திறக்கும். ஆக, நான் எடுத்த சுருதி நேராக மாமியின் ரசத்தில் போய் விழும். ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்திக் கேட்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கோ. கார்த்தால பாடறேளே, அது டாக்டர் யாராவது சொல்லியா?”

இதைக் கேட்டு என் மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது மாமியின் கேள்வியைவிட மோசம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பரணில் டிவி பெட்டியோடு கிடந்த தெர்மாகோலை இறக்கினேன்.

அந்தக் குளியலறைக்குள்தான் கேஸ் கீசர் மாட்டியிருந்தது. பழைய வயரிங் என்பதால் மின்சார கீசரைப் போட்டால் வீடே இருட்டாகிவிடும். அதனால் சிலிண்டரைப் பால்கனியில் வைத்து, ரப்பர் குழாய் இழுத்து, குளியலறைச் சுவரில் கீசர். தண்ணீரைத் திறந்தால் உள்ளே நீல நெருப்பு குப்பென்று பற்றிக்கொண்டு உறும ஆரம்பிக்கும். நெருப்பு எரியக் காற்று வேண்டும், எரிந்து வருவது வெளியே போக வழி வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? எரியும் மெழுகுவர்த்தியை டம்ளரால் மூடி அணைத்துக் காட்டும் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவன் நான். படித்தது பரீட்சைக்கு, தெர்மாகோல் வீட்டுக்கு.

அடைத்த பிறகும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னுடையது காக்காய்க் குளியல். ஒரு பல்லவி முடிவதற்குள் துண்டோடு வெளியே வந்துவிடுவேன். மனைவிக்கு எந்த மாதத்திலும் பச்சைத் தண்ணீர்தான். “மெட்ராஸ்ல இருந்துக்கிட்டு எதுக்குங்க வெந்நீர்?” என்பாள். அந்த அறையில் மாட்டிக்கொள்ள மூன்றாவதாக ஓர் ஆள் வரவேண்டியிருந்தது. மார்கழியில் வந்தார். என் மாமனார்.

நங்கநல்லூரில் அவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் பெங்களூரில் இன்னொரு மகள் வீட்டுக்குப் போய்விட, இவர் எங்களிடம் வந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், முறைப்பதிலிருந்து இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் நகைச்சுவைக்கு அவர் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. நானும் விடாமல் முயன்றுகொண்டுதான் இருந்தேன். அவர் கூடத்தில் இருந்தால் நான் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவேன்.

குளிப்பது அவருக்கு ஒரு பெரிய காரியம். கதவைத் தாழிட்டு, வெந்நீரை வாளியில் ஓடவிட்டு, கணீரென்று பதிகம் சொல்லிக்கொண்டே குளிப்பார். கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டே அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். முதல் பாட்டில் உடம்பு நனையும், நடுப் பாட்டுகளில் தேய்ப்பு, கடைசிப் பாட்டுக்குத் துவட்டல். அதைக் கேட்டு என் மனைவி சரியான நேரத்துக்கு டிகாஷனில் பால் ஊற்றுவாள்.

வந்து இரண்டு மூன்று நாள் ஆனதும், குளித்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க வீட்ல குளிச்சா தலை கனக்குது, மாப்பிள்ளை. வயித்தை வேற பெரட்டுது.”

“சுவரெல்லாம் என் பாட்டு ஊறிப்போயிருக்கு மாமா. அதோட வேலைதான்.”

அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

சனிக்கிழமை வந்தது. ஆழ்வார்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் என் மனைவிக்கு அன்று அரை நாள் வேலை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “அப்பா இன்னிக்கு எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போறார். தரையெல்லாம் வழுக்கும். தாழ்ப்பாள் போடவேணாம், சும்மா சாத்திக்கிட்டாப் போதும்னு சொல்லுங்க. மறந்துடாதீங்க.”

நான் மறக்கவில்லை. சொல்லத்தான் இல்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். ‘மாமா, கதவைத் தாழிடாமல் குளியுங்கள்’ என்று எந்த ஊரில் எந்த மாப்பிள்ளை மாமனாரிடம் சொல்லியிருக்கிறான்? பால்கனி வெயிலில் நல்லெண்ணெய் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தவர் எழுந்து, சீயக்காய்க் கிண்ணத்தோடு என்னைத் தாண்டிப் போனார். நான் வாயைத் திறந்தேன். அவர் நின்று பார்த்தார்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல மாமா. வெந்நீர் சூடா வரும்.”

“அதுக்குத்தானே மாட்டியிருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. கீசர் உறுமியது. பதிகம் தொடங்கியது.

நான் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண்ணெய்க் குளியல் என்பதால் பதிகமும் நிதானமாகவே நகர்ந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே நீண்ட இடைவெளி, பிறகு மறுபடி குரல். சீயக்காய் தேய்க்கும் கட்டம் வந்திருக்கும். அப்போது பாட்டு நின்றது.

பாட்டு முடிந்து நிற்கவில்லை. ஒரு வரிக்கு நடுவே, ஒரு சொல்லின் வாலை இழுத்துக்கொண்டே போய், அப்படியே நின்றது. அவர் எங்கே மூச்சு வாங்குவார் என்று எனக்குத் தெரியும். அது மூச்சு வாங்கும் இடமில்லை.

சீயக்காய் வாய்க்குள் போயிருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தைப் புரட்டினேன். கீசர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பி வழிய ஆரம்பித்தது. தண்ணீரை வீணாக்குபவர்களுக்கு வகுப்பே எடுக்கும் மனிதர் அவர். வழிகிற வாளியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்.

எழுந்து கதவருகே போனேன். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றது. உள்ளே அவர் நன்றாக இருந்து, ‘குளிக்கிற இடத்துல என்ன மாப்பிள்ளை?’ என்று கேட்டுவிட்டால்? சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் இருமினேன். முதலில் சின்ன இருமல், பிறகு கொஞ்சம் பெரிய இருமல். உள்ளே ஒரு மனிதருக்கு உயிர் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே நான் மரியாதையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கிறேன்.

“மாமா, காபி கலக்கட்டுமா?”

விரல் கணுவால், மேலதிகாரி அறைக் கதவைத் தட்டுவதுபோல, மெல்லத் தட்டினேன். பிறகு முஷ்டியால். பிறகு இரண்டு உள்ளங்கையாலும். என் குரல் எப்போது கத்தலாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. “மாமா! மாமா!” காது கதவில் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் தண்ணீரும் நெருப்பும் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

தோளால் இடித்தேன். பிளாஸ்டிக் கதவு. வளைந்து கொடுத்து, திரும்பி என்னையே தள்ளியது. இன்னொரு முறை இடித்தேன். இன்னொரு முறை தள்ளியது. வாசலுக்கு ஓடி, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து “வாட்ச்மேன்! சீக்கிரம் மேல வாய்யா!” என்று அலறினேன்.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. கையில் கரண்டியோடு மாமி.

“என்ன இது, இன்னிக்கு வாசல்லயே கச்சேரியா?”

“மாமி, மாமனார் உள்ள குளிச்சிட்டிருந்தார். சத்தமே இல்ல. தாழ்ப்பாள் போட்டிருக்கு.”

மாமியின் முகம் மாறியது. “ஐயையோ. உங்காத்து கீசர் உள்ளயேன்னா இருக்கு? ஜன்னல் தெறந்திருக்கோல்லியோ?”

“அடைச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

“நீங்கதானே மாமி, பாட்டு…”

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். “பாட்டை நிறுத்தச் சொன்னா மூச்சை நிறுத்தி வெச்சிருக்கேளே!” கரண்டியை அங்கேயே போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குள் ஓடினார். ஓடிக்கொண்டே கத்தினார். “மசமசன்னு நிக்காதீங்கோ, போய் சிலிண்டரை மூடுங்கோ!”

சிலிண்டர்! கதவோடு மல்லுக்கட்டிய அத்தனை நேரமும் பால்கனியில், என் கைக்கெட்டும் இடத்தில் இருந்த சிலிண்டர். ஓடிப்போய்த் திருகினேன். பதற்றத்தில் எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்பதுகூட மறந்துவிட்டது. இரண்டு பக்கமும் திருகி, கடைசியில் எப்படியோ உறுமல் அடங்கியது. அடங்கிய பிறகு வந்த அமைதி அதைவிடப் பயங்கரமாக இருந்தது. வழிகிற தண்ணீரைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

அதற்குள் வாட்ச்மேன் மேலே வந்திருந்தார். பட்டினப்பாக்கத்துக்காரர், வாட்டசாட்டமான ஆள்.

“இன்னா சார், உள்ள யாரு கீறது?”

“மாமனார்யா. கூப்ட்டா பேசமாட்டேங்கிறார்.”

“நவுரு சார். கதவு போனா போவுது, ஆளு முக்கியம்.”

அவர் காலைத் தூக்கும்போது உள்ளே டொப்பென்று ஒரு சத்தம். மாமாதான் விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். விழுந்தது தெர்மாகோல். சந்தின் அந்தப் பக்கத்திலிருந்து மாமி ஒட்டடைக் கம்பை நீட்டி, நான் பார்த்துப் பார்த்து ஒட்டிய பலகையை ஒரே குத்தில் உள்ளே தள்ளியிருந்தார். “ஆச்சு, காத்து போறது! கதவை ஒடைங்கோ!” என்று அவர் குரல் குளியலறை வழியாக எனக்குக் கேட்டது.

இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்தது. வெந்நீர் ஆவி முகத்தில் அறைந்தது. “மூச்ச புட்ச்சிக்க சார்” என்றார் வாட்ச்மேன். ஆவி விலகியபோது பார்த்தேன். மூலையில் பிளாஸ்டிக் முக்காலியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை மார்பில் தொங்கியது. தலைமுடியெல்லாம் அரைகுறையாகத் தேய்த்த சீயக்காய், அதன்மேல் வெள்ளை வெள்ளையாய்த் தெர்மாகோல் உருண்டைகள். கையில் தண்ணீர் மொள்ளும் மக்கு அப்படியே இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று காலைத் தொட்டு வணங்கியதோடு சரி, அதற்குப் பிறகு நான் அவரைத் தொட்டதே இல்லை. இப்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். எண்ணெய் உடம்பு. பிடிக்கப் பிடிக்க நழுவியது. ‘விட்டுவிடுவேன், விட்டுவிடுவேன்’ என்று மனதுக்குள் அரற்றிக்கொண்டே இழுத்தேன். வாட்ச்மேன் கால் பக்கம் பிடித்துக்கொண்டார். பால்கனியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். மாமி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு போர்வையை வீசினார். ஆம்புலன்சுக்குப் போன் போட்டதும் அவர்தான்.

“மாமா, கண்ணத் தெறங்க மாமா.” அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு வார்த்தை வரவில்லை. வாழ்நாள் முழுக்க வாயை வைத்துப் பிழைத்தவனுக்கு அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சம்.

வாட்ச்மேன் அவர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார். “மூச்சு கீது சார். அழுவாத.” அப்போதுதான் நான் அழுதுகொண்டிருந்ததே எனக்குத் தெரிந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். கொஞ்ச நேரத்தில் உடம்பு குலுங்க வாந்தி எடுத்தார். அந்த வாந்தி என் சட்டையெல்லாம் தெறித்தது. பன்னீர் தெளித்தால்கூட எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்காது.

மருத்துவமனையில் ஆக்சிஜன் முகமூடியை வைத்துவிட்டு, இளம் பெண் டாக்டர் ஒருவர் எங்களிடம் வந்தார். அதற்குள் ஆழ்வார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் பறந்து வந்த என் மனைவியும் பக்கத்தில் நின்றாள்.

“கேஸ் கீசர் உள்ளேயா இருந்தது? ஜன்னல் மூடியிருந்ததா?”

நான் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

“மூடின ரூம்ல அது எரிஞ்சா நச்சு வாயு சேர்ந்துடும் சார். கலர் கிடையாது, வாசனை கிடையாது. எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. அப்படியே தூங்கிப்போயிடுவாங்க. இதுக்கு முன்னாடி குளிச்சிட்டு வந்து தலைவலி, குமட்டல்னு ஏதாவது சொன்னாரா?”

சுவரில் ஊறிய என் பாட்டு. “சொன்னார்” என்றேன்.

“அது எச்சரிக்கை. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா…” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை விதவிதமாக முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் இருமிய இருமல்களை யார் கணக்கில் எழுதுவது?

பிழைத்துவிட்டார். வீட்டுக்கும் வந்துவிட்டார். வருவதற்குள் கீசரைக் கழற்றிப் பால்கனியின் வெளிச்சுவருக்கு மாற்றிவிட்டேன். வெந்நீர் மட்டும் குழாய் வழியாக உள்ளே வரும். ஜன்னலில் வலை மட்டும் அடித்தாயிற்று. உடைந்த தாழ்ப்பாளுக்குப் பதில் வேறு தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே ஆள் இருந்தால் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கும், அவ்வளவுதான். தரையில் ரப்பர் விரிப்பு, முக்காலிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எழ ஒரு கம்பி. வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளக்கூடாது, கை பொறுக்கும் சூடு போதும். குளித்து முடித்ததும் சடாரென்று எழக்கூடாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் என் மனைவி அப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள். எனக்கு வராத அந்த வார்த்தைகள் அவளுக்கு எவ்வளவு சுலபமாக வந்தன!

தெர்மாகோல் வைத்தது நான் என்று அவருக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காபியை நீட்டினால் வாங்கிக்கொள்வார். வணக்கம் வைத்தால் தலையசைப்பார். முன்பும் அவர் அதிகம் பேசியதில்லைதான். ஆனால் முன்பு இருந்தது மௌனம். இது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அவர் மனதில் நான் இனி யார் என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

வந்த பிறகு முதல் குளியல். மனைவி வாளியில் வெந்நீர் விளாவி வைத்து, குழாயை மூடிவிட்டு வந்தாள். அவர் உள்ளே போனார். நான் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இந்த முறை நுனியில் இல்லை, நன்றாக.

மக்கில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பதிகம் கேட்கவில்லை. கொஞ்ச நாளைக்கு மூச்சு முட்டும்படி எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? பாட்டில்லாத அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மக்கு ஒருமுறை தரையில் பட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

“மாமா?”

இந்த முறை இருமக்கூடாது என்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கதவைத் தள்ள எழுந்தேன். அதற்குமுன் என்னை அறியாமல், பயந்த பிள்ளை இருட்டில் செய்வதைப்போல, உரக்கப் பாட ஆரம்பித்தேன். எந்த ராகம் என்று கேட்காதீர்கள். சந்துக்கு அந்தப் பக்கம் மாமியின் சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் மறுபடி கேட்டது. அதோடு அவர் குரலும்.

“மாப்பிள்ளை, இதுக்கு அந்த கேஸே தேவல.”